இரண்டும் ஒரே பெட்டியில்தானே வந்தது?

ஆன்லைன் கடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் தனி ஆளாக ஓர் ஆன்லைன் கடை நடத்துகிறேன். செராமிக் கப், நோட்டுப் புத்தகம், சுருட்டி அனுப்பும் போஸ்டர் என்று மூன்றே வகைதான். கப்புக்கு 80, நோட்டுக்கு 40, போஸ்டருக்கு 70 என்று டெலிவரி கட்டணம் வைத்தேன். மூன்றிலும் ஒன்றொன்று எடுத்தவர்களுக்கு 190 வந்தது. பலர் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சரி என்று, எது அதிகமோ அதை மட்டும் வசூலிக்கும்படி மாற்றினேன். அடுத்த வாரமே ஒருவர் 6 கப்பும் 10 நோட்டும் வாங்கினார். வசூலானது வெறும் 80. கூரியர் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். நடுவில் ஒரு வழி இல்லையா?

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உங்கள் கதையைப் படித்தபோது பழைய ஞாபகம் வந்தது. நானும் கடை ஆரம்பித்த புதிதில் இதே இரண்டு பள்ளத்திலும் விழுந்து எழுந்தவன்தான், அதுவும் இதே வரிசையில்.

அப்போது நான் விற்றது குஷனும் கண்ணாடி ஜாடி மெழுகுவர்த்தியும். குஷனுக்கு ஒரு கட்டணம், மெழுகுவர்த்திக்கு ஒரு கட்டணம், இரண்டும் வாங்கினால் இரண்டையும் கூட்டி வாங்குவேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் ஒரே வரியில் எழுதியிருந்தார்: "இரண்டும் ஒரே பெட்டியில்தானே வந்தது, ஏன் இரண்டு கட்டணம்?" எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் எழுதுவதற்காக அந்த ஆர்டரின் கூரியர் ரசீதைத் தேடி எடுத்தேன். குஷனை மட்டும் அனுப்பியிருந்தால் என்ன பில் வந்திருக்குமோ, அதே பில். மெழுகுவர்த்திக்கு ஒரு காசு கூடக் கூடவில்லை. கோபம் போய் வெட்கம் வந்தது.

காரணம் இதுதான். பெரும்பாலான கூரியர்கள் பார்சலின் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து ஒரு எடை போடுகிறார்கள். இதை வால்யூமெட்ரிக் எடை என்பார்கள். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். என் குஷன் 600 கிராம். பெட்டி 40 × 40 × 15. பெருக்கினால் 24,000, வகுத்தால் 4.8 கிலோ. அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தி 5 கிலோவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியின் மூலையில் குஷனைக் கொஞ்சம் அமுக்கி இரண்டு ஜாடி வைத்தால் பெட்டியின் அளவும் மாறாது, பில்லும் மாறாது. பஞ்சுக்கும் காற்றுக்கும் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டதே.

அதனால் கலப்பு ஆர்டர் என்றாலே பொருளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பெட்டியை எண்ணுங்கள். எது எதனுடன் ஒரே பெட்டியில் போகும், எது போகாது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் இது சுலபம். கப்பும் நோட்டும் ஒரே பெட்டியில் போகும். போஸ்டர் குழாயில்தான் போகும். அதைக் கப் பெட்டிக்குள் திணிக்க முடியாது. ஆக, உங்களிடம் இருப்பது மூன்று வகை பொருள், ஆனால் இரண்டே வகை பார்சல். கட்டணத்தைக் கூட்ட வேண்டியது பார்சலுக்கும் பார்சலுக்கும் இடையில் மட்டும். ஒரே பெட்டிக்குள் போவனவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம் கிடையாது. எடை ஏற ஏற அது கொஞ்சம் ஏறினால் போதும்.

இப்போது சமையலறைத் தராசை எடுங்கள். கப்பை அப்படியே நிறுக்காதீர்கள். பபிள் ராப் சுற்றி, உள் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி நிறுங்கள். 480 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டு 260. வெளிப்பெட்டியும் அதற்குள் திணிக்கும் காகிதமும் 200. இந்த 200-ஐ எங்கே சேர்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒவ்வொரு பொருளின் எடையிலும் அதை ஏற்றிவிட்டால், ஐந்து பொருள் வாங்கியவர் ஐந்து வெளிப்பெட்டிக்குப் பணம் கட்டுவார். பொருளில் ஏற்றாதீர்கள், எடை வரம்பில் கழித்துவிடுங்கள். கூரியரின் வரம்பு 500 கிராம் என்றால் உங்கள் கடையில் 300 என்று வையுங்கள். 1 கிலோ என்றால் 800.

300 கிராம் வரை 40, 800 வரை 80, அதற்கு மேல் ஒவ்வொரு 500 கிராமுக்கும் 25 என்று உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். நோட்டு மட்டும் என்றால் 40, கப் மட்டும் என்றால் 80. கப்பும் நோட்டும் சேர்ந்தால் 740 கிராம், அப்போதும் 80-தான். நோட்டு ஓசியில் போகிறது. இதைப் பொருள் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 'இதனுடன் ஒரு நோட்டு சேர்த்தால் டெலிவரி கட்டணம் கூடாது' என்ற வரியைப் பார்த்தால் சும்மா வந்தவரும் ஒரு நோட்டை எடுத்துப்போடுவார். மூன்றும் வாங்குபவருக்குப் பெட்டி 80, குழாய் 70, மொத்தம் 150. உங்களை உட்கார வைத்த அந்த 6 கப் 10 நோட்டு ஆர்டர் 5,480 கிராம். 80-உடன் பத்து 25 சேர்ந்து 330. பதினாறு பொருள் வாங்குகிறவருக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் இவ்வளவு பெரிய பெட்டி என்றால் அதன் அளவையும் ஒருமுறை 5000-ஆல் வகுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதைக் கடையில் எப்படி ஏற்றுவது? ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் இரண்டும் ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருள்கள். ஷாப்பிஃபை என்றால் எடை வாரியாகக் கட்டணம் வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. போஸ்டரை மட்டும் தனி ஷிப்பிங் புரொஃபைலில் (சில பொருளுக்கு மட்டும் தனிக் கட்டண விதி வைக்கும் இடம்) போட்டால், கலந்து வாங்கும்போது இரண்டு கட்டணத்தையும் அதுவே கூட்டிக்கொள்ளும். வூகாமர்ஸில் எடை வாரிக் கட்டணத்துக்குத் தனி பிளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வேண்டும். அது வேண்டாம் என்றால் ஷிப்பிங் கிளாஸை, அதாவது டெலிவரி கட்டணத்துக்காகப் பொருள்களைப் பிரிக்கும் வகையை, வைத்தே சமாளிக்கலாம். உங்கள் கேள்வியைப் படித்தால், பொருளுக்கு ஒன்றாக மூன்று கிளாஸ் வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதை இரண்டாக்குங்கள்: பெட்டி, குழாய். கணக்கிடும் முறையை மறுபடி 'ஒவ்வொரு கிளாஸுக்கும்' என்றே மாற்றுங்கள். குழாய்க்கு 70 என்று ஒரே தொகை. ஒரு குழாயில் நாலைந்து போஸ்டரைச் சேர்த்துச் சுருட்டலாம், எண்ணிக்கையால் பெருக்க வேண்டாம். பெட்டிக்கு மட்டும் 40 + (20 × பொருள்களின் எண்ணிக்கை) என்று சூத்திரம் போடுங்கள். தனியாக வாங்கும் நோட்டுக்கு 20 கூடிப்போகும், தனியாக வாங்கும் கப்புக்கு 20 குறையும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக விற்றால் சரியாகிவிடும். நோட்டு மட்டும் வாங்குபவர்கள்தான் அதிகம் என்றால் பிளக்இன் வாங்குவதே மேல்.

விதியை மாற்றிய கையோடு கடையில் ஏற்றிவிடாதீர்கள். பழைய ஆர்டர் முப்பதை எடுத்து ஒரு ஷீட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கூரியருக்குக் கொடுத்தது, புது விதிப்படி வந்திருக்க வேண்டியது, வித்தியாசம். ஒவ்வொரு வரியும் சரியாக வர வேண்டும் என்று மெனக்கெட்டால் பைத்தியம் பிடிக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு ஆர்டரில் 10 போகும், இன்னொன்றில் 15 வரும். அடியில் உள்ள கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அப்புறம் அதிகமாகக் கையைக் கடித்த இரண்டு மூன்று ஆர்டரை மட்டும் பாருங்கள். நான் பார்த்தபோது எல்லாவற்றிலும் குஷன் இருந்தது. ஆக, விதி முழுவதையும் கலைக்காமல், குஷனின் எடைக் கட்டத்தில் மட்டும் 0.6-க்குப் பதில் 4.8 என்று போட்டேன். கூரியர் சொல்லும் கட்டணத்தையே கடை நேரடியாக எடுத்துக் காட்டும் வசதி வைத்திருப்பவர்கள் இந்தத் தந்திரத்தைச் செய்யக் கூடாது. அங்கே நிஜ எடையையும் பெட்டி அளவையும் கொடுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

கேள்வி: குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வைத்திருக்கிறேன். கனமான பொருள் ஒன்று சேர்ந்துவிட்டால் லாபம் மொத்தமும் கூரியருக்கே போய்விடுகிறது. கூப்பன் போட்டுக் குறைத்தவர்களுக்கும் இலவசமாகிறது. எடுத்துவிடவா?

பதில்: எடுக்க வேண்டாம். கனமான பொருளைத் தனி வகையாக்கி, 'இதற்கு மட்டும் கட்டணம் உண்டு' என்று பொருள் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பணம் கட்டும் இடத்தில் முதல்முறையாகச் சொன்னால் யாராக இருந்தாலும் எரிச்சல்தான் வரும். கூப்பன் விஷயம் ஒரு டிக் சமாச்சாரம். வூகாமர்ஸில் இலவச ஷிப்பிங் அமைப்பில், குறைந்தபட்சத் தொகையைக் கூப்பன் கழிவுக்கு முன்பே பார்க்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. உங்களுடையதில் அது டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் கடையில் அச்சுப் புத்தகமும் உண்டு, டவுன்லோட் செய்யும் கோப்பும் உண்டு. கோப்புக்கும் சேர்த்து டெலிவரி கட்டணம் விழுகிறது.

பதில்: வூகாமர்ஸில் அந்தப் பொருளை 'விர்ச்சுவல்' என்று குறியுங்கள். ஷாப்பிஃபையில் 'இது கையில் தொடும் பொருள்' என்று சொல்லும் டிக்கை எடுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: மூன்று பொருள் ஆர்டரில் ஒன்று ஸ்டாக் இல்லை. இரண்டை இப்போதும் மூன்றாவதைப் பிறகும் அனுப்புகிறேன். இரண்டாவது பார்சலுக்குக் கட்டணம் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். இல்லாத பொருளை இருக்கிறது என்று காட்டியது உங்கள் கடை. இரண்டாவது பார்சல் உங்கள் செலவு. அது அடிக்கடி நடந்தால், பார்க்க வேண்டியது ஷிப்பிங் அமைப்பை அல்ல, ஸ்டாக் எண்ணிக்கையை.