வாசகர் கேள்வி–பதில்: சொந்தப் பதிப்பும் பழைய கணக்கு இயந்திரங்களும்

கேள்வி: பம்பு தொழிலில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குழாய்களில் நீரின் அழுத்த இழப்பைக் கணக்கிடும் முறைகள் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதி முடித்திருக்கிறேன். சூத்திரங்களும் அட்டவணைகளும் மிகுதியாக இருப்பதால் பதிப்பகங்கள் தயங்குகின்றன. நானே வெளியிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: தாராளமாக வெளியிடலாம். தொழில்நுட்ப நூல்களைப் பொறுத்தவரை, எழுதியவரே பதிப்பாளராகவும் இருப்பது பல வேளைகளில் நூலுக்கு நன்மையே செய்திருக்கிறது. புள்ளிவிவரங்களை வரைபடமாக்கும் கலை குறித்து அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி எழுதிய நூல், அவர் விரும்பிய வடிவமைப்பில் வெளிவர வேண்டும் என்பதற்காகவே 1983இல் அவருடைய சொந்தப் பதிப்பாக வந்தது; அதற்கான பணத்தை அவர் வீட்டின் மீது கடன் வாங்கித் திரட்டினார். உங்களுக்கு அந்த அளவு துணிவு தேவையில்லை. சில நூறு படிகள் போதும் என்றால் டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். ஆஃப்செட்டில் தகடு செய்யும் செலவு படிகளின் எண்ணிக்கை எதுவானாலும் மாறாது என்பதால், ஆயிரம் படிகளை நெருங்கும்போதுதான் அது சிக்கனமாகும்.

உங்கள் நூலுக்கு உண்மையான இடர் பக்க வடிவமைப்பில்தான் இருக்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்த பிரதியை, பழைய குறிமுறை எழுத்துருக்களுக்கு மாற்றி வடிவமைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அவ்வாறு மாற்றும்போது கொம்புகளும் துணைக்கால்களும் இடம் மாறுவதோடு, கிரேக்க எழுத்துகளும் அடுக்குக்குறிகளும் காணாமல் போகும் வாய்ப்பும் உண்டு. கணிதத்துக்கென்றே அமெரிக்கக் கணினியியலாளர் டொனால்டு நூத் 1978இல் உருவாக்கிய டெக் என்னும் மென்பொருளின் வழிவந்த ஸீடெக், லுவாடெக் இரண்டும் யூனிகோட் தமிழை நன்றாகக் கையாளுகின்றன, இரண்டும் இலவசம். தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கு அச்சகம் அனுப்பிய மெய்ப்புகளின் தரம் பிடிக்காததால்தான் நூத் அதை உருவாக்கத் தொடங்கினார் என்பது உங்களுக்கு ஊக்கம் தரக்கூடும். கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஆனால் அதன் பிறகு ஒரு சூத்திரத்தைத் திருத்த யாருடைய மேசைக்கும் போய் நிற்க வேண்டியதில்லை.

டெமி அளவில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி, 16 பக்கம். உங்கள் பிரதி 210 பக்கத்தில் முடிந்தால், மிஞ்சும் இரண்டு பக்கங்களுக்காக இன்னொரு தாள் ஓட்ட வேண்டியிருக்கும். அதைச் சுருக்கி 208இல் நிறுத்தினால் சரியாக 13 ஃபாரம். ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாகவே கட்டணமின்றி வழங்குகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படியை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். இந்தக் கடமையைத் தட்டிக் கழிக்காதீர்கள். கடைகளில் நூல் கிடைக்காமல் போன பின்பும் ஒரு மாணவர் அதைத் தேடிப் படிக்க அந்தப் படிகளே வழி.

கேள்வி: சொந்தமாக வெளியிடும்போது எண்களைச் சரிபார்க்கப் பதிப்பாசிரியர் என்று யாரும் இருப்பதில்லை. அட்டவணைப் பிழைகளை எப்படித் தவிர்ப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: சொந்தப் பதிப்பில் எனக்கு மிகப் பெரிய அக்கறை இதில்தான். சொல்லில் நேர்ந்த எழுத்துப் பிழையைப் படிப்பவர் தாமே திருத்திக்கொள்வார். அட்டவணையில் 37 என்பது 73 ஆகிவிட்டால், அது பிழை என்று காட்டுவதற்கு அந்தப் பக்கத்தில் எந்த அடையாளமும் இராது. அதை நம்பி ஒருவர் குழாய் வாங்கிவிடுவார். 1821இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜும் அவர் நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது கண்ட பிழைகளே பாபேஜை, எண்களுக்கு இடையேயான வேறுபாடுகளைக் கூட்டியே அட்டவணை தயாரிக்கும் வேறுபாட்டு இயந்திரத்தின் பக்கம் திருப்பின. கணக்கிட்டால் மட்டும் போதாது, அச்சுக்கோக்கும் கையையும் நம்பக்கூடாது என்று கருதிய அவர், அச்சுக்குரிய வார்ப்பையும் இயந்திரமே பதிக்கும்படி திட்டமிட்டார். அவர் காலத்தில் அது முழுமை பெறவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த ஷோய்ட்ஸ் தந்தையும் மகனும் 1853இல் செய்து முடித்த இயந்திரமே அந்த வேலையைச் செய்தது; 1857இல் அமெரிக்காவின் டட்லி வானாய்வகம் அதை வாங்கியது.

அந்த இயந்திரங்களுக்கு அடிப்படையான வழியே உங்களுக்கும் பயன்படும். வர்க்க அட்டவணையின் ஒரு பகுதியில் 529, 576, 625, 676 என்று எண்கள் வருகின்றன. அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 47, 49, 51 என்று ஒழுங்காக ஏறும். 576 என்பது 567 என்று அச்சாகியிருந்தால் அந்த வரிசை 38, 58, 51 என்று குலைந்து, பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடும். சீராக ஏறியிறங்கும் எந்த அட்டவணையையும் இப்படிச் சோதிக்கலாம். ஆனால் இந்தச் சோதனையை மூலக் கோப்பில் செய்வதோடு நிறுத்திவிடாமல், அச்சகத்திலிருந்து வந்த இறுதி மெய்ப்பில் உள்ள எண்களைக் கொண்டே செய்யுங்கள். நூத் தம் நூல்களில் பிழை கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் வெகுமதி அறிவித்து, திருத்தப் பட்டியலையும் தொடர்ந்து வெளியிட்டு வந்தவர். பணம் கொடுக்க முடியாவிட்டாலும், திருத்தங்கள் கிடைக்கும் முகவரியை முதல் பக்கத்திலேயே அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: தாத்தா அலுவலகத்தில் பயன்படுத்திய கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் வீட்டில் இருக்கிறது. முன்புறம் நெம்புகோல்கள், கீழே நகரும் பகுதி. கைப்பிடி அசையவில்லை. எண்ணெய் விட்டுத் திருகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: திருகாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஓட்னர் வகையைச் சேர்ந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஸ்வீடன் நாட்டவரான ஓட்னர் 1890 முதல் பெருமளவில் தயாரித்த வடிவம் அது. ஜெர்மனியின் புருன்ஸ்விகா, சோவியத்தின் ஃபெலிக்ஸ் யாவும் அதன் வழிவந்தவையே. நெம்புகோலை 7இல் வைத்தால் உள்ளேயிருக்கும் சக்கரத்தில் ஏழு முளைகள் வெளியே நீளும். கைப்பிடி ஒரு சுற்று வரும்போது அந்த ஏழும் விடைச் சக்கரத்தை ஏழு இடம் தள்ளும். சுற்றின் நடுவே எண் மாறிவிடக் கூடாது என்பதற்காக இதில் பூட்டுகள் வைத்திருக்கிறார்கள். கேரியேஜ் எனப்படும் கீழே நகரும் பகுதி தன் பள்ளத்தில் சரியாக அமராவிட்டாலும், எண்களை அழிக்கும் கைப்பிடி பாதியில் நின்றிருந்தாலும் பெரிய கைப்பிடி அசையாது. ஆகவே முதலில் அவற்றைச் சரியாக நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால், பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அதன் மேல் புது எண்ணெய் விட்டால் தூசியும் சேர்ந்து இன்னும் இறுகும். தட்டச்சு இயந்திரம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பிசினைக் கரைத்த பிறகே மெல்லிய எண்ணெயைத் துளித் துளியாக இட வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் 529ஐ 23ஆல் வகுத்துப் பாருங்கள். 52க்கு நேராக 23ஐ நிறுத்திக் கைப்பிடியைக் கழித்தல் பக்கமாகச் சுற்றினால் 29, பிறகு 6. மூன்றாம் சுற்றில் சாளரத்தின் இடப்புறம் 9களாக நிரம்பி, மணி ஒலிக்கும். அளவுக்கு மீறிக் கழித்துவிட்டோம் என்று பொருள். ஒரு சுற்று திருப்பிச் சுற்றி, கேரியேஜை ஓரிடம் நகர்த்தி, எஞ்சிய 69இலிருந்து மூன்று முறை கழித்தால் சுழியம் வரும். சுற்றுகளை எண்ணும் சாளரத்தில் 23 நிற்கும். வகுத்தல் என்பது தொடர்ந்து கழிப்பதே என்று பள்ளியில் சொல்லக் கேட்டிருப்போம். அது கை வழியாகப் புரியும் இந்த இன்பத்துக்காகவே இந்த இயந்திரங்களை நான் விரும்புகிறேன்.

கேள்வி: கூர்ட்டா என்னும் சிறிய கணக்கு இயந்திரம் ஏன் இவ்வளவு போற்றப்படுகிறது? (வாசகர், சேலம்)

பதில்: அதன் அமைப்புக்காகவும், அது பிறந்த சூழலுக்காகவும். வியன்னாவில் 1902இல் பிறந்த கூர்ட் ஹெர்ஸ்டார்க், கணக்கு இயந்திரங்கள் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை யூதர். 1943இல் நாஜிகள் அவரைக் கைது செய்து பூகன்வால்ட் வதை முகாமுக்கு அனுப்பினார்கள். அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றி அறிந்த அதிகாரிகள், போர் வெற்றிக்குப் பின் ஹிட்லருக்குப் பரிசாக அளிக்கலாம் என்று எண்ணி, அதை வரைந்து தர அனுமதித்தார்கள். உயிரோடு இருக்க அதுவே அவருக்கு வழியாயிற்று. போருக்குப் பின் லீக்டன்ஸ்டைன் நாட்டில் தயாரிப்பு தொடங்கி, 1948 முதல் விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையில் வைக்கும் மின்னணுக் கருவிகள் 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை சுமார் 1,40,000 இயந்திரங்கள் வெளிவந்தன.

பழைய இயந்திரங்களில் இன்னொரு வகைக்கு, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு படிப்பல் உருளை (படிப்படியாக நீளம் மாறும் பற்கள் கொண்ட உருளை) தேவைப்பட்டது. ஹெர்ஸ்டார்க் நடுவில் ஒரே ஓர் உருளையை நிறுத்தி, இலக்கங்களை அதைச் சுற்றி வட்டமாக அமைத்தார். கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிச் சுற்றினால் அதே உருளையின் வேறு பற்கள் வேலைக்கு வந்து கழித்தல் நடக்கும். எண்ணுக்குப் பதிலாக அதன் நிரப்பெண்ணைக் கூட்டுவதே தந்திரம். 73இலிருந்து 28ஐக் கழிக்க, 028இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9இலிருந்து கழித்து வரும் 971ஐயும், 1ஐயும் 073 உடன் கூட்டினால் 1045. முன்னால் உள்ள 1ஐ விட்டால் 45. ஒன்று கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். திரும்பச் சேர்க்க முடியாமல் பெட்டியில் கிடப்பவை உண்டு.

கேள்வி: இத்தகைய இயந்திரங்களைப் பற்றியே தமிழில் ஒரு நூல் எழுதி வெளியிட விரும்புகிறேன். எப்படித் தொடங்கலாம்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வரலாற்றில் தொடங்காமல், ஒரு கணக்கில் தொடங்குங்கள். வர்க்கமூலம் நல்ல தேர்வு. 529இன் நூறுகளில் உள்ள 5இலிருந்து 1, 3 என்று ஒற்றைப்படை எண்களைக் கழித்தால் 1 எஞ்சும், சுற்றியவை இரண்டு. கடைசியாகக் கழித்த 3ஐ 4 ஆக்கி, கேரியேஜை நகர்த்தி, வலப்புறம் 1 வைத்தால் 41. எஞ்சிய 129இலிருந்து 41, 43, 45 ஆகியவற்றைக் கழித்தால் சுழியம், சுற்றியவை மூன்று. எண்ணும் சாளரத்தில் தெரியும் 23தான் வர்க்கமூலம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு கோட்டோவியம் போடுங்கள்; கறுப்பு நிறத்தில் அச்சாகும் கோடுகள் மங்கலான புகைப்படத்தைவிடத் தெளிவாக இருக்கும், செலவும் குறையும். படம் தாளின் ஒரு பக்கத்திலும் விளக்கம் அதே தாளின் பின்பக்கத்திலும் போய்விடாமல், இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய வேண்டும். ஒரு கை கைப்பிடியில் இருக்கும்போது மறுகையால் தாளைப் புரட்டச் சொல்வது வாசகருக்குத் துன்பம். அந்த ஓர் அத்தியாயம் முடிந்ததும், இயந்திரத்தை இதுவரை தொட்டிராத ஒருவரிடம் அதையும் இயந்திரத்தையும் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருங்கள். அவருடைய கை எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ, அந்த வரியை மாற்றி எழுதிய பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.