பதினோரு டெலிகிராம் குரூப்பும் ஒரு வரியும்

சார் வணக்கம். நான் துறையூர் பக்கம். பி.ஏ. தமிழ் முடிச்சதும் கல்யாணம் ஆயிடுச்சு, பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். குரூப் 4 எழுதலாம்னு இருக்கேன். திருச்சி போயி கோச்சிங் சேர வசதி இல்ல, போன்லதான் படிக்கிறேன். பதினோரு டெலிகிராம் குரூப்ல இருக்கேன், பிடிஎஃப் சேர்ந்து சேர்ந்து போன் ஹேங் ஆகுது. நேத்து "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" எந்த நூல்னு பாத்தா ஒரு பிடிஎஃப்ல மணிமேகலைன்னு இருக்கு, இன்னொண்ணுல புறநானூறுன்னு இருக்கு. எத நம்புறது சார்? எந்த ஆப் நல்லது, காசு கட்டி வாங்கலாமா? சாட்ஜிபிடி கிட்ட கேட்டுப் படிச்சா போதுமா? நெட்ட மட்டும் வச்சு பாஸ் பண்ண முடியுமா? பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அம்மாடி,

எம் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு, அதனால நீன்னே கூப்பிடுறேன். புள்ளய தூங்க வச்சுட்டு ராத்திரி போன எடுத்து வச்சுக்கிட்டு படிக்கிறவங்க கிட்ட எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அத மொதல்ல சொல்லிக்கிறேன். ஏன்னா இனிமே திட்டப் போறேன்.

பதினோரு குரூப் எதுக்குடி? எவனோ ஒருத்தன் சேத்து வச்சத இன்னொருத்தன் லோகோ போட்டு அனுப்புறான், அத நீ டவுன்லோடு பண்ணி வச்சுக்கிட்டா படிச்ச மாதிரி ஒரு திருப்தி வந்துருது. கல்யாண வீட்டுல இலை நெறைய வாங்கி வச்சுட்டு சாப்பிடாம எந்திரிக்கிற கதைதான். இன்னிக்கே எல்லாத்துல இருந்தும் வெளிய வா. ஒண்ணு வேணா வச்சுக்கோ, நோட்டிபிகேஷன் எப்ப வருதுன்னு தெரிஞ்சுக்க.

ஆப் வாங்காத. பாடப்புத்தகம் ஆறாவதுல இருந்து மொத்தமும் அரசாங்க தளத்துலயே பிடிஎஃபா சும்மா கெடக்கு, பழைய கேள்வித்தாளும் சிலபஸும் டிஎன்பிஎஸ்சி தளத்துலயே இருக்கு. இதத்தான் அழகா கட்டம் கட்டி உங்கிட்ட காசுக்கு விக்கிறாங்க. இருநூறு கேள்வியில நூறு தமிழ், அதுக்கு 150 மார்க், அதுல 60 எடுக்கலன்னா மிச்ச நூறு கேள்வியத் திருத்தவே மாட்டாங்க. பி.ஏ. தமிழ் படிச்ச நீ இதுக்கு எதுக்குப் பயப்படுற?

சரி, இனி அந்த உண்டி கொடுத்தோர் விஷயத்துக்கு வரேன். உண்மையச் சொன்னா அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுறேன். கொஞ்ச நாளா இதே மாதிரி யோசிச்சுக்கிட்டு இருந்தேன், கையில இவ்வளவு இருந்தும் நம்ம புள்ளைங்க ஏன் ஒரு தடவ கூட மூலத்துல போய் பாக்க மாட்டேங்குதுங்கன்னு.

ரெண்டு பிடிஎஃப்பும் சரிதான். ரெண்டுலயும் அந்த வரி இருக்கு!

புறநானூறு 18வது பாட்டு. குடபுலவியனார் பாடினது, பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் கிட்ட. "நீரின்று அமையா யாக்கைக்கு எல்லாம் உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே"ன்னு வரும். அங்கயே நிறுத்திடாத, அடுத்த வரிகளப் படி. "உணவெனப் படுவது நிலத்தொடு நீரே"ங்கிறார். சாப்பாடுன்னா என்ன, மண்ணும் தண்ணியும்தான், அதனால நெலம் பள்ளமா இருக்குற எடத்துல எல்லாம் தண்ணியத் தேக்கி வை, உன் பேர் நெலைக்கும்னு ராஜாவுக்குச் சொல்றார். அப்ப இங்க உண்டி கொடுக்குறதுன்னா சோறு போடுறது இல்ல, கொளம் வெட்டுறது. மணிமேகலையில அதே வரி, அள்ள அள்ளக் கொறையாத அமுதசுரபிப் பாத்திரம் கைக்கு வர்ற எடத்துல வருது, "மண்திணி ஞாலத்து வாழ்வோர்க் கெல்லாம் உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே"ன்னு. அங்க பேச்சு பசிச்சவனப் பத்தி, கைல பாத்திரம் இருக்கு, சோறு போடணும். ஒரே வரி, ஒரு எடத்துல நீர்ப்பாசனம், இன்னொரு எடத்துல அன்னதானம். இவ்வளவையும் உன் பிடிஎஃப் ஒரு பக்கம் கேள்வி ஒரு பக்கம் விடைன்னு போட்டு சப்புன்னு ஆக்கி வச்சிருக்கு, நீயும் எத நம்புறதுன்னு எங்கிட்ட கேக்குற. யாரையும் நம்பாத, போயி பாரு.

எப்படிப் பாக்குறது? இதுதான் யாருமே சொல்லித் தர மாட்டேங்குறாங்க. மதுரைத் திட்டம்னு ஒரு தளம் இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கு, விக்கிமூலம் இருக்கு. உள்ள போயி நூலத் திறந்து "உயிர்கொடுத்தோரே"ன்னு தேடுனா பெரும்பாலும் ஒண்ணும் வராது. உடனே இல்லன்னு மூடிட்டு யூட்யூப் போயிருவ. இரு. செய்யுள சீர் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, "உயிர்கொடுத்" ஒரு பக்கம், "தோரே" ஒரு பக்கம், நடுவுல இடைவெளி. நீ சேத்து அடிச்சா மெஷினுக்கு அது வேற, இது வேற. அதனால முழு வரியையும் அடிக்காத. உடையாத சின்னத் துண்டா ஒண்ணு எடு, "உண்டி"ன்னு மட்டும் அடி. பல எடம் வரும், ஒவ்வொண்ணா பாரு, அதுல ஒண்ணு உன்னுது. அப்பவும் வரலன்னா அது படமா ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா இருக்கும், இல்ல பழைய ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும், கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ள வேற எழுத்து. அப்ப அத விட்டுட்டு யூனிகோடுல, அதாவது இப்ப போன்ல நாம அடிக்கிற எழுத்துல, இருக்குறதத் திற. கூகுள்ல தேடும்போது ரெண்டு மூணு வார்த்தைய மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடு, சீர் பிரிச்சும் ஒரு தடவ, சேர்த்தும் ஒரு தடவ.

இதெல்லாம் எனக்கு யாரும் வகுப்பு எடுக்கல. ரெண்டாயிரம் வாக்குல திருச்சியில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கணக்குக்கு காசு. மதுரைத் திட்டம் அப்பவே இருந்துச்சு, 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம்னு ஒரு விஞ்ஞானி முன்னாடி நின்னு நடத்துனார், உலகம் பூரா இருந்து ஆளுங்க சும்மா, பைசா வாங்காம, டைப் அடிச்சு ஏத்துனாங்க. நான் போயி திறந்தா திரை பூரா கோணல் மாணலா குறி குறியா இருக்கு. ஃபான்ட் போடணும்ங்கிறது தெரியல. சென்டர் தம்பி ஒருத்தன், மீச கூட மொளைக்கல, ஓனர் வந்தா திட்டுவார்ணே, சீக்கிரம்னு சொல்லிக்கிட்டே எறக்கிப் போட்டுக் குடுத்தான். பட்டுன்னு குறி எல்லாம் எழுத்தாச்சு. நான் நேரத்த மறந்துட்டு படிச்சுக்கிட்டே இருந்தேன், அவன் ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு வாங்குனான். அந்தப் பயலுக்கு இப்ப உம் பையன மாதிரி ஒரு புள்ள இருக்கலாம்.

இன்னிக்கு ஃபான்ட் பிரச்சன இல்ல, மணிக்கு காசு இல்ல, போன்லயே எல்லாம் திறக்குது. அதான் எனக்குக் கோவம் வருது. 1894ல உ.வே.சா. புறநானூற அச்சுல கொண்டு வர்றதுக்கு ஊர் ஊரா ஏட்டுக்கு அலைஞ்சார், மணிமேகல 1898. அந்த ரெண்டும் இப்ப உன் தலகாணிக்குக் கீழ கெடக்கு, நீ ஃபார்வர்டு மெசேஜ நம்பவா வேண்டாமான்னு கேட்டுக்கிட்டு இருக்க.

சாட்ஜிபிடி கேட்டிருந்தல்ல. கேளு, தப்பில்ல. ஆனா எந்தப் பாட்டு, எந்த எண்ணுன்னு சேத்துக் கேளு, அது சொன்ன எடத்துக்குப் போயி உன் கண்ணால பாத்துட்டு அப்பறம் நோட்டுல எழுது. சில சமயம் இல்லாத பாட்டுக்கு நம்பர் குடுக்கும், நல்லா தைரியமா குடுக்கும்.

நெட்ட மட்டும் வச்சு பாஸ் பண்ண முடியுமான்னா, நோட்டும் பேனாவும் வேணும், அவ்வளவுதான். வீடியோ பாக்குற நேரத்துல பாதிய பழைய கேள்வித்தாளுக்குக் குடு. இன்னொண்ணு, பரீட்ச முடிஞ்சதும் விடைக்குறிப்பு வரும், தப்பா இருந்தா ஆட்சேபணை சொல்ல ஒரு வாரம் தருவாங்க, ஆதாரம் காட்டணும். நாளைக்கு இதே வரியக் கேட்டு ரெண்டு நூலையும் ஆப்ஷன்ல போட்டு, குறிப்புல ஒண்ணத்தான் சரின்னு போட்டாங்கன்னு வையி, டெலிகிராம்ல பாத்தேன்னு எழுத முடியுமா? பாட்டு எண் இத்தன, அடி இத்தனன்னு எழுதணும்.

மணிமேகலையில அது எந்தக் காதை, எத்தனாவது அடின்னு நான் வேணும்னேதான் சொல்லல. தேடிக் கண்டுபிடிச்சு எனக்கு எழுது. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாத, டைப் பண்ணி அனுப்பு.