பில் தாளும் நிறுத்திய மாத்திரையும்

உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கும் பில் தாளைப் பற்றிப் பிறகு பேசலாம். தைராய்டு குறைவுக்காகச் சாப்பிட்டுவந்து நிறுத்திவிட்ட தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையை, உங்கள் மருத்துவர் எழுதித் தந்த அதே அளவில், நாளைக் காலை வெறும் வயிற்றில் மீண்டும் தொடங்குங்கள். ஜவுளிக்கடை பில்லிங் கவுண்ட்டர் வேலை, பேப்பர் கப் தேநீர், செய்தித்தாளில் மடித்த வடை, டிஷ்யூ என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கும் நீங்கள், பில் தாளின் ரசாயனம்தான் தைராய்டைக் கெடுக்கிறது என்று ஒரு வீடியோவில் கேட்டதை நம்பி, பத்து வாரக் கர்ப்பத்தில் மூன்று வாரமாக மாத்திரையை விட்டுவிட்டு ‘நச்சு நீக்கும்’ கஷாயம் குடித்துவருவதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்தே போகவேண்டும். அதனால்தான், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் அளவைப் பொதுவாக 25 முதல் 30 சதவீதம் கூட்டுகிறோம். கூட்டவேண்டிய நேரத்தில் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். உடலில் உள்ள தைராக்சின் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால், மாத்திரையால் கிடைத்த இருப்பில் எட்டில் ஒரு பங்குதான் இப்போது மிஞ்சியிருக்கும். பதறவேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்: இரண்டொரு நாளில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து, முடிவோடு உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க அஞ்சும் கேள்வி: ‘இத்தனை நாள் பில் தாளைத் தொட்டதால் குழந்தைக்கு ஊனம் வருமா?’ அப்படி வரும் என்று காட்டும் சான்று இல்லை. தைராய்டு குறைவுக்கும் பெரும்பாலான பெண்களிடம் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே அந்தச் சுரப்பியைத் தாக்குவதுதான். அதற்காக அந்தத் தாள் முற்றிலும் அப்பாவி என்று சொல்லமாட்டேன். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும் அந்தத் தாளில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் சேர்க்கப்படும் பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம், அல்லது அதன் உறவான பிஸ்பினால்-எஸ், தாளோடு இறுகப் பிணையாமல் இருப்பதால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல நடிக்கக்கூடிய பொருள் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் இத்தகைய தாளில் பிஸ்பினால்-ஏவின் அளவை 0.02 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. உடலுக்குள் போகும் பிஸ்பினால்-ஏவைக் கல்லீரல் மாற்றிவிட, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். இதற்குக் கஷாயத்தின் உதவி தேவையில்லை.

நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. சானிடைசரோ கை கிரீமோ போட்ட ஈரம் காயுமுன் பில்லைப் பிடித்தால், தோல் வழியாக உள்ளே போகும் அளவு பல மடங்கு கூடுகிறது. கவுண்ட்டரில் வாடிக்கையாளர்களுக்கு நடுவே சானிடைசரைத் தடவிக்கொண்டே பில் கிழிப்பதுதான் பலரின் வழக்கம். கை உலர்ந்த பிறகு தாளைத் தொடுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மனம் ஆறவில்லை என்றால் பிரசவம்வரை நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, சூட்டில் அதிலிருந்து நுண்துகள்கள் பிரிகின்றன. கடைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோனால் பேச்சு முடிந்தது. செய்தித்தாளில் உணவு மடிப்பதை இந்தியாவின் 2018ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளே தடைசெய்கின்றன, ஆகவே அந்த வடையை வாழை இலையில் கேளுங்கள். டிஷ்யூவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கஷாயத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதாமல் விற்பதைக் கர்ப்ப காலத்தில் வாயில் வைக்கக்கூடாது. மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.