இன்ஜினியரிங் படிக்கும் மகள் கம்யூனிகேஷனில் மைனர் எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடவே கம்யூனிகேஷனில் (தகவல்தொடர்பு) மைனர், அதாவது பட்டப் படிப்போடு சேர்த்துப் படிக்கும் சிறிய துணைப்பாடம், எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். பணமும் நேரமும் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி முடிப்பது?

பதில்:

தாராளமாக எடுக்கட்டும். நானும் அங்கே இன்ஜினியரிங்கோடு இதே மைனரைப் படித்து முடித்தவன். இன்று வேலையில் எனக்குக் கைகொடுப்பதில் பாதி அந்த வகுப்புகளில் கற்றதுதான். ஆனால் அவள் எந்த வகுப்புகளைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதைப் பொறுத்தே பலன் இருக்கிறது. ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் என்றால், அந்த உழைப்பை இன்னொரு நல்ல புராஜெக்ட்டில் போடலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மைனர் டிரான்ஸ்கிரிப்டில்தான் (மதிப்பெண் பட்டியலில்தான்) ஏறும், பட்டச் சான்றிதழில் வராது.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு மைனருக்குப் பொதுவாக 15 முதல் 21 கிரெடிட் (வகுப்புகளின் அளவைக் கணக்கிடும் புள்ளி) வரை கேட்பார்கள். பல இடங்களில் 18, அதாவது மூன்று கிரெடிட் வகுப்புகள் ஆறு. இதில் ஒன்றிரண்டு, முக்கியமாகப் பப்ளிக் ஸ்பீக்கிங், எல்லா மாணவர்களும் எடுத்தே ஆகவேண்டிய பொதுக்கல்விப் பட்டியலிலேயே பெரும்பாலும் இருக்கும். அந்த வகுப்பை இரண்டு கணக்கிலும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொண்டால் மீதிச் சுமை நான்கைந்து வகுப்பாகக் குறையும். கட்டணமும் அப்படித்தான். பல பல்கலைக்கழகங்களில் 12 கிரெடிட்டைத் தாண்டிவிட்டால் ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை ஒரே கட்டணம். அங்கே கூடுதலாக ஒரு வகுப்பு எடுத்தால் தனிச் செலவு இல்லை. சில இடங்களில் கிரெடிட் ஒவ்வொன்றுக்கும் காசு. உங்கள் மகளின் பல்கலைக்கழகம் எந்த வகை என்பதைப் பார்த்துவிட்டால் பணக்கணக்கு ஒரே நாளில் தெளிவாகிவிடும். இதற்காக ஒரு செமஸ்டர் கூடுதலாகத் தங்கவேண்டி வரும் என்றால் மட்டும் வேண்டாம் என்பேன். அங்கே ஒரு செமஸ்டர் செலவு என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி தேர்வு. கம்யூனிகேஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பேச்சுக்கலையிலிருந்து வளர்ந்தது. 1914-இல் பேச்சு ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். இன்றைய நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷனின் வேர் அதுதான். மேடைப்பேச்சு, மனிதர்களுக்கு இடையேயான உரையாடல், நிறுவனங்களுக்குள் செய்தி போய்ச் சேரும் விதம், கேட்பவரை இணங்கவைத்தல் எல்லாம் இந்தப் பக்கம். இன்னொன்று பத்திரிகைத் துறையோடு ஒட்டியது: செய்தி எழுதுவது, விளம்பரம், மக்கள் தொடர்பு, ஊடகச் சட்டம். சில பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே துறையில் இருக்கும், சிலவற்றில் தனித்தனிக் கட்டடத்தில், தனித்தனி மைனராக இருக்கும். இன்ஜினியரிங் பிள்ளைக்கு முதல் வகை அடிப்படை. இரண்டாவதிலிருந்து எழுத்துப் பயிற்சி தரும் ஒரு வகுப்பையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிறுவனத் தகவல்தொடர்பு வகுப்பில் கொலம்பியா விண்கலத்தைப் பற்றிப் படித்தோம். 2003 ஜனவரியில் ஏவப்பட்டபோது வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து உண்டா என்று இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடை வகுப்பில் திரையில் போட்டார்கள். தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் வரும். ஆனால் கீழே, புள்ளிக்குள் புள்ளியாக, கடைசி வரியில் இருக்கிறது விஷயம்: சோதனையில் அவர்கள் மோதவிட்டுப் பார்த்த துண்டு 3 கன அங்குலம்; உண்மையில் மோதியதாகக் கணக்கிட்டது 1920 கன அங்குலம். அறுநூறு மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது. எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் முடிவெடுக்கவேண்டியவர்களின் மனதில் அது தைக்கவில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி விண்கலம் தரையிறங்க வரும்போது சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில், நாசாவில் தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தைப் பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டதைத் தனியாகவே கண்டித்திருக்கிறது. மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தேவையான பாடம் எனக்குத் தெரியவில்லை.

பப்ளிக் ஸ்பீக்கிங் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் பேச்சுப் போட்டிகளுக்குப் போன பிள்ளைகள் இது சுலபம் என்று நினைப்பார்கள். நாம் பழகியது எழுதி, மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு முழங்குவது. அந்த வகுப்பில் மனப்பாடத்துக்கு மார்க் குறையும். பேச்சின் முக்கியக் குறிப்புகளை மட்டும் வரிசைப்படுத்தி, கையில் சின்ன அட்டை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்தால் அங்கேயே மாற்றிப் பேச வேண்டும். என்னோடு படித்த ஒரு இன்ஜினியரிங் மாணவி ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று பேசினாள். கம்ப்ரெசர், கண்டென்சர் என்று எல்லாம் சரியாகவே சொன்னாள். முடிந்ததும் ஆசிரியை, கடைசி வரிசையில் இருந்த இசைத்துறை மாணவனிடம் என்ன புரிந்தது என்று கேட்டார். “அது குளிரை உண்டாக்குகிறது” என்றான். அவள் ஐந்து நிமிடமும் சொன்னது அதற்கு நேர்மாறானது: ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. உடனே அட்டையை மேசையில் வைத்துவிட்டு, “இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே வைத்த பாலிலிருந்து எடுத்த சூடும் அதில் சேர்த்தி” என்றாள். வகுப்பு மொத்தத்துக்கும் விளங்கியது. இந்தப் பயிற்சி வீடியோவில் கிடைக்காது. எதிரே ஆள் வேண்டும், பேச்சு முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து குறை நிறை சொல்ல வேண்டும்.

அதனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன்: சிலபஸில் மார்க் எதற்குக் கொடுக்கிறார்கள்? மூன்று மல்டிபிள் சாய்ஸ் தேர்வு மட்டும் என்றால் தள்ளிவிடலாம். பேச்சு, திருத்தி மறுபடி எழுதவேண்டிய கட்டுரை, குழுவாகச் செய்யும் ஆய்வு என்று இருந்தால் எடுக்கலாம். தியரி வகுப்பு ஒன்று பல இடங்களில் கட்டாயமாக இருக்கும். அதைச் சலிப்போடு கடக்க வேண்டாம். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊரில், இன்னும் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாதவர்களிடம் நடத்திய ஆய்விலிருந்துதான், மக்கள் எதை முக்கியம் என்று நினைக்கவேண்டும் என்பதைச் செய்தி ஊடகங்களே வரிசைப்படுத்துகின்றன என்ற கருத்து பிறந்தது. அதைப் படித்த பிறகு நான் நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

முடிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 300, 400 என்று எண் போட்ட மேல்நிலை வகுப்புகளுக்கு முன்தகுதியாகக் கீழ்நிலை வகுப்பு ஒன்று இருக்கும். மேல்நிலையில் இத்தனை கிரெடிட் கட்டாயம் என்றும் இருக்கும். சில வகுப்புகள் ஸ்பிரிங்கில் (ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில்) மட்டும் நடக்கும். எனவே கடைசி வகுப்பிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும். இரண்டாம் ஆண்டு என்பது சரியான நேரம். நான்காம் ஆண்டு சீனியர் டிசைன் புராஜெக்ட் வந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்குள் மைனரில் ஒரு வகுப்புக்கு மேல் மிச்சம் வைக்கக் கூடாது. மனதில் முடிவு செய்தால் போதாது, முறைப்படி படிவம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பல துறைகளில் இடங்களை முதலில் அந்தத் துறை மாணவர்களுக்கும் மைனர் பதிந்தவர்களுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்த வகுப்பைப் பொதுவாக மைனருக்கு ஏற்கமாட்டார்கள், C-க்குக் குறைந்தாலும் பல இடங்களில் கணக்கில் வராது. கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்) மலிவாகப் படிக்கலாம்தான், ஆனால் மைனரில் ஒரு பகுதியை அதே பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்ற விதி வழக்கமாக உண்டு, கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் டிகிரி ஆடிட்டை (எவை முடிந்தன, எவை மீதி என்று காட்டும் பட்டியலை) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதில் மைனரும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

மகள் F-1 விசாவில் (மாணவர் விசா) இருந்தால் இன்னும் இரண்டு செய்தி. முழுநேர மாணவி என்ற கணக்குக்கு ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் வேண்டும். அதில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு ஒன்றை, மூன்று கிரெடிட் வரைதான் சேர்ப்பார்கள். கம்யூனிகேஷன் வகுப்புகள் நிறைய ஆன்லைனில் கிடைக்கும், ஆசைப்பட்டு இரண்டு மூன்றாக அடுக்கிவிடக் கூடாது. அடுத்தது, படிப்பு முடிந்து OPT-யில் (F-1 மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) செய்யும் வேலை மேஜரோடு, அதாவது முக்கியப் பாடத்தோடு, நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். மைனரை வைத்து மக்கள் தொடர்பு வேலைக்குப் போக முடியாது. STEM (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) படிப்புக்கான 24 மாத OPT நீட்டிப்பும் மெக்கானிக்கல் பட்டத்தால் வருவதுதான், மைனரால் அது கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

இதையெல்லாம் அடுத்த செமஸ்டர் பதிவு திறக்கும் முன் கம்யூனிகேஷன் துறையின் அட்வைசரிடம் நேரில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். இன்ஜினியரிங் அட்வைசருக்கு மேஜரின் விதிகள் அத்துபடியாக இருக்கும். மைனரின் விதிகளையும், எந்த வகுப்பு எந்த செமஸ்டரில் வரும் என்பதையும் அந்தத் துறைக்காரர்தான் சரியாகச் சொல்வார்.