ஏ.பி. டிராயிங்: கையில் ஆறு ஓவியம்தான், மே மாதம் நெருங்குகிறது

கேள்வி: என் மகள் சென்னையில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஏ.பி. டிராயிங் எடுத்திருக்கிறாள். மே மாதத்துக்குள் 15 படம் அனுப்ப வேண்டுமாம். இதுவரை ஆறுதான் முடித்திருக்கிறாள். 60 ஆயிரம் கொடுத்தால் போர்ட்ஃபோலியோவை, அதாவது படைப்புத் தொகுப்பை, முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அறுபதாயிரம் என்ன, ஆறாயிரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த ஆளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்துக்கு வருவோம்.

ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம். டிராயிங்குக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. இதை நடத்தும் அமெரிக்காவின் காலேஜ் போர்டுக்கு இணையம் வழியாக அனுப்பும் போர்ட்ஃபோலியோதான் பரீட்சை. அதில் இரண்டு பகுதி. மிக நன்றாக வந்த ஐந்து படைப்புகளுக்கு 40 சதவீதம். ‘சஸ்டெய்ன்ட் இன்வெஸ்டிகேஷன்’ என்ற 15 படங்களுக்கு 60 சதவீதம். அதாவது, ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வரைந்ததற்கும், சோதித்துப் பார்த்ததற்கும், திருத்தியதற்கும் சான்று கேட்கிறார்கள்.

இந்த 15 என்ற எண்ணில்தான் எல்லோரும் கலங்கிப் போகிறார்கள். அது கணினியில் ஏற்றும் போட்டோக்களின் எண்ணிக்கை. பதினைந்து முடிந்த ஓவியம் யாரும் கேட்கவில்லை. ஸ்கெட்ச் புக்கின் ஒரு பக்கத்தை எடுத்தால் ஒரு படம். ஓர் ஓவியம் பாதியில் நிற்கும்போது எடுத்தது ஒன்று, முடிந்தபின் எடுத்தது இன்னொன்று. அதன் ஒரு மூலையை நெருக்கமாக எடுத்தால் அதுவும் கணக்கில் வரும். ஆனால் எண்ணிக்கையை நிரப்ப ஒரே ஓவியத்தை நாலு கோணத்தில் எடுத்து ஏற்றாதீர்கள். ஒவ்வொரு படமும் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும். 40 சதவீதம் பெறும் அந்த ஐந்து படைப்புகளுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவை முழு ஓவியங்களாக இருக்க வேண்டும். கையிலிருக்கும் ஆறில் நல்ல ஐந்தை எடுத்துக்கொள்ளலாம், 15-ல் இடம்பெற்றதே இங்கும் வரலாம்.

என்னிடம் படித்த ஒரு பெண் காசிமேட்டு வலைகளை எடுத்துக்கொண்டாள். ஒரு முடிச்சு அவ்வளவு பாரத்தை எப்படித் தாங்குகிறது என்பது அவள் கேள்வி. முதலில் சார்க்கோலில் (கரித்துண்டில்) வரைந்தாள். முடிச்செல்லாம் கலைந்து புகை மாதிரி ஆகிவிட்டது. கிழிக்கப் போனவளைத் தடுத்து போட்டோ எடுக்க வைத்தேன். அடுத்த வாரம் வலை நூலையே கருப்பு மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள். கோடு இறுக்கமாக வந்தது. கெட்டுப்போன அந்தத் தாளும் 15-ல் ஒன்றாகப் போனது.

ஒரு ஞாயிறு மகளை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போங்கள். 1966-ல் அதை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சொற்களையும் குறியீடுகளையும் வைத்து ஆண்டுக்கணக்கில் ஒரே வரிசையாக வரைந்தவர். ஒரு கேள்வியோடு நீண்ட நாள் இருப்பது என்றால் என்ன என்று அவளுக்குப் புரியும்.

இப்போது அந்த இடைத்தரகர். இவர்களிடம் சரக்கு தயாராக இருக்கும்: பாதி முகம் பாதி மரம், கண்ணீர் வழியும் ஒற்றைக் கண். உங்கள் மகளுக்கு விற்பதையே இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு விற்பார்கள். ‘ஃபினிஷிங் டச் மட்டும்’ என்று தொடங்குவார்கள். ஸ்கெட்ச் புக்கில் ஒரு கை, ஓவியத்தில் வேறு கை என்பது மதிப்பிடுகிறவர் கண்ணில் படாமல் போகாது. மதிப்பெண்ணே ரத்தாகலாம். செயற்கை நுண்ணறிவையும் எந்தக் கட்டத்திலும் தொடக் கூடாது என்பது விதி. பின்ட்ரெஸ்ட் படத்தைப் பார்த்து வரைவதும் வேண்டாம்.

இவர்கள் பிழைப்பு நடப்பதற்குப் பள்ளிகளும் காரணம். ஓவிய வகுப்பு வந்தால் “இன்றைக்கு மட்டும்” என்று கணக்குக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஜூனில் தொடங்க வேண்டிய வேலை அரையாண்டுத் தேர்வு முடிந்தபின்தான் நினைவுக்கு வருகிறது. பிசிறில்லாமல் வரைந்தால்தான் ஓவியம் என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லி, தப்பிய தாளைக் குப்பையில் போடப் பழக்கியதும் அவர்கள்தான். எனக்கு ஆறாத கோபம் அது.

படங்களை மொட்டைமாடியில், காலை ஏழரை மணி வாக்கில், சுவர் நிழலில் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பென்சில் பூச்சு பளபளத்து ஷேடிங் எல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் அந்த ஆறையும், கட்டிலுக்கடியில் அவள் தள்ளி வைத்திருக்கும் பாதித் தாள்களையும் தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள்.