கேளுங்கள், சொல்கிறேன்: ஷ்விட்னிட்சாவில் ஒரு நாள்

கேள்வி: போலந்தில் வ்ரோட்ஸ்வாவ் நகரத்தில் படிக்கிறேன். பழைய தேவாலயங்கள், நினைவுச் சின்னங்கள் பார்க்க ஆசை. கையில் இருப்பது ஒரே ஒரு விடுமுறை நாள். எந்த ஊருக்குப் போகலாம்? (வாசகி, வ்ரோட்ஸ்வாவ்)

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஷ்விட்னிட்சாவுக்குப் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். ஊருக்குள் போனதும் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கத்தோலிக்கப் பேராலயத்தின் கோபுரம் கண்ணை இழுக்கும். அதை மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டு முதலில் சமாதான ஆலயத்துக்கு நடையைக் கட்டுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சப்பென்றிருக்கும். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச் சட்டங்கள், ஏதோ பெரிய தானியக் கிடங்கு மாதிரி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்டுகளும் மோதிக்கொண்ட முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தபோது இந்த ஊர் இருக்கும் சைலேசியா வட்டாரம் கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டின் கையில் இருந்தது. அங்கிருந்த லுத்தரன்களுக்கு, அதாவது மார்ட்டின் லூதர் வழிப் புராட்டஸ்டன்ட்டுகளுக்கு, கோயில் இல்லை. லுத்தரன் நாடான ஸ்வீடன் நெருக்கியதால் வேறு வழியில்லாமல் யாவோர், குவோகுஃப், ஷ்விட்னிட்சா ஆகிய மூன்று ஊர்களில் ஊருக்கொன்று கட்டிக்கொள்ள அனுமதித்தார். கூடவே நிபந்தனைகள்: ஊர் மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கல்லும் செங்கல்லும் கூடாது, மரம், களிமண், வைக்கோல் மட்டும்தான், கோபுரம் கூடாது, மணி கூடாது, ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும். கொடுத்த பேரும் வர வேண்டும், கட்டியது நிலைக்கவும் கூடாது. இதற்குப் பேர் அனுமதி!

ஷ்விட்னிட்சாக்காரர்கள் அசரவில்லை. ஆல்பிரெக்ட் ஃபான் ஸேபிஷ் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு 1657 ஜூனில் முதல் ஆராதனையே நடத்திவிட்டார்கள். சுமார் 44 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அதற்குள் 7,500 பேர்! மாடத்துக்கு மேல் மாடமாகச் சுவரோரம் அடுக்கியதில்தான் சூட்சுமம். உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள். மாடங்களின் முகப்பெல்லாம் வேத வசனங்களும் ஓவியங்களும். மரம் கொடுத்து உதவிய ஹோக்பெர்க் பிரபு குடும்பத்துக்குத் தனியாக ஓர் அலங்கார மாடம். காசு கொடுத்தவருக்கு முன்வரிசை என்பது எந்த ஊரில்தான் இல்லை?

1729இல் செய்த பிரசங்கபீடத்தைத் தவறவிடாதீர்கள். அதில் ஒரு மணற்கடிகாரம் இருக்கிறது. போதகர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது கீழே இருக்கிறவர்களுக்கும் தெரியும். நம் ஊரில் சில சபைகளுக்கு இதை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். வெளியே தனியாக நிற்கும் மணிக்கூண்டு 1708இல் வந்தது. முந்தின வருடம் ஸ்வீடன் மறுபடி நெருக்கியதில் கிடைத்த சலுகை.

கேள்வி: மரக்கட்டடம் முன்னூற்றறுபது வருடம் எப்படி நிற்கும்? செல்லரிக்காதா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அந்தக் குளிருக்கு நம் ஊர்க் கறையான் தாங்காது. அங்கே எதிரி ஈரமும் காற்றும் தீயும்தான். குவோகுஃப் ஆலயம் 1654இல் புயலில் சரிந்தது. திரும்பக் கட்டியது 1758இல் எரிந்தே போனது. மிச்சமிருக்கும் இரண்டையும் யுனெஸ்கோ 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கேள்வி: போலந்து ஊர் என்கிறார்கள், கல்லறைக் கற்களிலெல்லாம் ஜெர்மன் எழுத்து. ஏன்? (வாசகர், காரைக்குடி)

பதில்: 1945 வரை ஷ்விட்னிட்சா, ஷ்வைட்னிட்ஸ் என்ற ஜெர்மன் ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், சோவியத்துக்குப் போன கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட போலந்துக்காரர்கள் பலர் அந்த வீடுகளுக்குக் குடிவந்தார்கள். அந்தப் பகுதியில் பல இடங்களில் ஜெர்மன் எழுத்தைச் சுரண்டி எடுத்தார்கள். சமாதான ஆலயத்தில் லுத்தரன் சபை இன்றும் இருக்கிறது, சின்னதாக. அங்கே பழைய வசனங்கள் ஜெர்மனிலேயே இருக்கின்றன. ஊருக்குப் பக்கத்திலேயே க்ஷிஷோவா கிராமம். ஹிட்லரை எதிர்த்து 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட ஹெல்முட் ஃபான் மோல்ட்கேயின் பண்ணை அங்கேதான். 1989 நவம்பரில் மேற்கு ஜெர்மன் சான்ஸலர் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் திருப்பலியில் கட்டித் தழுவிக்கொண்டதும் அங்கேதான். நேரம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஸ்வார்ட்ஸ் ஐயர் பிறந்தது போலந்தில் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பாதி உண்மை. தஞ்சையில் ஊழியம் செய்த அந்த ஜெர்மன் மிஷனரி 1726இல் பிறந்த ஸோனன்பர்க் அப்போது பிரஷ்யாவில் இருந்தது. இப்போது ஸ்வோன்ஸ்க் என்ற பெயரில் போலந்தில், ஜெர்மன் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஷ்விட்னிட்சாவிலிருந்து ரொம்ப தூரம். ஒரே நாளில் இரண்டும் முடியாது. ஸ்வோன்ஸ்கில் புனித யோவான் சபை வீரர்களின் பழைய ஆலயம் இருக்கிறது. அப்புறம் அங்கே ஒரு நாஜி சிறையும் இருந்தது. 1945 ஜனவரி கடைசியில் ஓர் இரவில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஸ்வார்ட்ஸுக்கான சின்னம் பார்க்க நீங்கள் விமானம் ஏற வேண்டாம். சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் செய்வித்த பளிங்குச் சிற்பம் உங்கள் ஊர் ஸ்வார்ட்ஸ் ஆலயத்திலேயே இருக்கிறது.

கேள்வி: ஷ்விட்னிட்சா சந்தைச் சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் சிலை யாருடையது? (வாசகி, கோவை)

பதில்: மரியா குனிட்ஸ். வானியல் மேதை கெப்ளரின் கிரகக் கணக்குகளை எளிமையாக்கி 1650இல் புத்தகம் போட்ட வானியலாளர். லுத்தரன் என்பதால் போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடியவர். வெள்ளிக் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். பக்கத்திலேயே நகர்மன்றக் கோபுரம். 1967இல் இடிந்து விழுந்ததை 2012இல் திரும்பக் கட்டினார்கள். என்னைப் போன்ற முழங்கால்காரர்களுக்கு லிஃப்ட் உண்டு.