வைஃபை இணைகிறது, இணையம் வரவில்லை: வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறையில் மலைப்பகுதிகளில் வீடோ காட்டேஜோ வாடகைக்கு எடுத்துத் தங்கித் திரும்பிய வாசகர்கள் பலர், அங்கே விருந்தினருக்கென்று தரப்படும் வைஃபையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாடகைக்கு விடுபவர் ஒருவரும் எழுதியிருக்கிறார். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கொடைக்கானலில் குடும்பத்தோடு ஒரு காட்டேஜில் தங்கினோம். சுவரில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைத் தட்டியதும் வைஃபை இணைந்துவிட்டது. ஆனால் ‘இணையம் இல்லை’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. என் கணவரின் கைப்பேசியில் மட்டும் மொபைல் எண் கேட்டு ஒரு பக்கம் திறந்தது, ஓடிபி கொடுத்ததும் அவருக்கு எல்லாம் வேலை செய்தது. எனக்கு அந்தப் பக்கமே வரவில்லை. என் கைப்பேசியில் கோளாறா?
– வாசகி, திருச்சி

பதில்: கோளாறு இல்லை, நீங்கள் முதல் கதவைத் தாண்டி இரண்டாவது கதவின் முன் நின்றிருக்கிறீர்கள். சுவரில் ஒட்டியிருந்த கடவுச்சொல் உங்கள் கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் இடையிலான இணைப்புக்கு மட்டுமே உரியது. அதற்கப்பால் இணையத்துக்குள் விடுவதா வேண்டாமா என்பதை, மொபைல் எண்ணையோ அறை எண்ணையோ கேட்கும் அந்த நுழைவுப் பக்கம்தான் தீர்மானிக்கிறது.

அந்தப் பக்கம் எப்படித் தானாகத் திறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், ஏன் திறக்கவில்லை என்பதும் புரிந்துவிடும். புதிய வைஃபையில் இணைந்தவுடன் ஆண்ட்ராய்டு கைப்பேசி, கூகுளின் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தொடர்புகொண்டு, 204 என்ற எண்ணுடன் கூடிய வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. ஐஃபோனும் இதைப் போலவே ஆப்பிளின் முகவரி ஒன்றைச் சோதிக்கிறது. எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பதிலாக வேறொரு பக்கம் வந்து நின்றால், இங்கே யாரோ இடைமறிக்கிறார்கள் என்று உணர்ந்து, அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டுகிறது, அல்லது ‘நெட்வொர்க்கில் உள்நுழையவும்’ என்ற அறிவிப்பைத் தருகிறது. மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கும் அறிவிப்புப் பட்டியில் அது மற்ற செய்திகளுக்கு இடையே ஒளிந்துகொண்டிருப்பதும் உண்டு. முதலில் அங்கே தேடுங்கள்.

அறிவிப்பே வராதபோது, பெரும்பாலும் நாம் பாதுகாப்புக்காகச் செய்துவைத்த ஏற்பாடுகளில் ஒன்றுதான் தடையாக இருக்கும். விபிஎன் (நம் தகவலைப் பூட்டி வேறொரு கணினி வழியே அனுப்பும் சேவை) எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தால், அது தன் சுரங்கப்பாதை வழியே மட்டுமே போவேன் என்று அடம்பிடிக்கும். நுழைவுப் பக்கமோ அந்தப் பாதையைத் திறக்காது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ (தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையைத் தேர்ந்தெடுக்கும் இடம்) என்ற அமைப்பில் குறிப்பிட்ட ஒரு சேவையின் பெயரைத் தட்டி வைத்திருந்தாலும் இதே நிலைதான். அதைச் சற்று நேரத்துக்குத் ‘தானியங்கி’ என்று மாற்றினால் போதும். விளம்பரத்தைத் தடுப்பதற்காக மகனோ மகளோ இந்த அமைப்பை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், நமக்கு நினைவே இருக்காது.

மொபைல் டேட்டாவும் குழப்பும். இணையம் இல்லாத வைஃபையில் இணைந்திருக்கும்போது கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவின் வழியே போய்க்கொண்டிருக்கும். நீங்கள் உலாவியைத் திறந்தாலும் பக்கம் டேட்டாவிலேயே வந்துவிடுவதால், நுழைவுப் பக்கத்துக்கு இடைமறிக்கும் வாய்ப்பே கிடைக்காது. ஆகவே டேட்டாவை அணைத்துவிட்டு முயல வேண்டும். ஓடிபி குறுஞ்செய்தியாக வருவது, அதற்கு டேட்டா தேவையில்லை, சிக்னல் இருந்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பக்கம் வராவிட்டால், உலாவியில் ஏதேனும் ஒரு முகவரியைத் தட்டுவோம். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய தளங்கள் ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ் என்ற பூட்டப்பட்ட முறையில் இயங்குவதால், இடையில் வேறொரு பக்கத்தைச் செருக விடாமல் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பூட்டில்லாத பழைய எச்டிடிபி முறையில் இயங்கும் பக்கம் ஒன்றைக் கேட்டால்தான் நுழைவுப் பக்கம் குறுக்கே வர முடியும். இதற்காகவே நடத்தப்படும் ‘நெவர் எஸ்எஸ்எல் டாட் காம்’ (neverssl.com) என்ற தளம் இருக்கிறது. அதுவும் உதவாவிட்டால், செட்டிங்ஸில் அந்த வைஃபையை ‘மற’ என்று கொடுத்து அழித்து, மீண்டும் இணைந்து பாருங்கள்.

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், மறுநாள் உங்கள் கணவரிடமே மீண்டும் ஓடிபி கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நுழைவு அனுமதிக்குக் கால வரம்பு வைத்திருப்பார்கள், அது முடிந்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. அந்த முகவரி மாறினால், நுழைவுப் பக்கத்தைப் பொறுத்தவரை நீங்கள் புதிய ஆள். ஓர் அறைக்கு இத்தனை கருவிகள் என்று வரம்பு வைத்திருக்கும் இடங்களில், பழைய முகவரியும் புதிய முகவரியும் இரண்டாகக் கணக்கிடப்பட்டு, குழந்தையின் டேப்லெட்டுக்கு இடமில்லாமல் போவதும் இதனால்தான்.

கேள்வி: தங்கும் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுக்கிறார்கள். அதே வைஃபையில் இருக்கும் வேறு யாரும் நான் செய்யும் வங்கிப் பரிமாற்றத்தைப் பார்த்துவிட முடியும் என்று நண்பர் அச்சுறுத்துகிறார். பணி ஓய்வு பெற்றவன், ஓய்வூதியக் கணக்கு ஒன்றுதான் இருக்கிறது. யுபிஐகூடப் பயன்படுத்தக் கூடாதா?
– வாசகர், சென்னை மேற்கு மாம்பலம்

பதில்: ஐயா, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி உங்கள் ஓய்வூதியத்தைத் தொடுவதில்லை.

வைஃபையில் போகும் தகவலைப் பூட்டுவதற்கு இன்னும் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 முறையில், கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், உங்கள் கைப்பேசி ரூட்டரோடு இணையும் தருணத்தின் பரிமாற்றத்தையும் காற்றிலிருந்து பிடித்துவைத்தால், அதன்பின் வைஃபை அடுக்கின் பூட்டைத் திறக்க முடியும். 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறையில் கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் இது நடவாது. கடவுச்சொல்லே கேட்காமல் நேராக ஓடிபி பக்கத்துக்குக் கொண்டுபோகும் வைஃபைகளிலோ, காற்றில் பூட்டே இருப்பதில்லை. ஓடிபி கேட்பதால் அது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடிபி நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிவிக்கிறதே தவிர, உங்கள் தகவலை மறைப்பதில்லை.

ஆனால் வங்கிச் செயலியும் யுபிஐ செயலியும் வைஃபையின் பூட்டை நம்பி இயங்குவன அல்ல. அவை உங்கள் கைப்பேசியிலேயே தகவலைப் பூட்டி அனுப்புகின்றன. வங்கியின் கணினியில்தான் அது திறக்கப்படுகிறது. இடையில் ஒட்டுக்கேட்பவருக்கு, நீங்கள் எந்த வங்கியோடு பேசுகிறீர்கள் என்பது வேண்டுமானால் தெரியலாம். என்ன பேசினீர்கள் என்பது தெரியாது. எனவே சிக்னல் இருந்தால் டேட்டாவில் செலுத்துங்கள், யுபிஐக்குச் செலவாகும் டேட்டா மிகச் சொற்பம். பள்ளத்தாக்கில் சிக்னலே இல்லை என்றால் வைஃபையில் செலுத்தத் தயங்க வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். விடுதியின் வைஃபை பெயரையே வைத்து இன்னொருவர் தன் கருவியிலிருந்து போலி வைஃபை ஒன்றை ஒளிபரப்புவது கடினமான காரியமே அல்ல. அதில் இணைந்தவுடன் வரும் போலி நுழைவுப் பக்கம், மொபைல் எண்ணோடு நிற்காமல், ‘ஜிமெயில் கடவுச்சொல்லைத் தாருங்கள்’, ‘ஒரு ரூபாய் சரிபார்ப்புக்குக் கார்டு எண்ணைத் தாருங்கள்’ என்று கேட்கும். விருந்தினருக்கு இலவசமாகத் தரும் வைஃபையில் நுழைய மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ, கார்டு எண்ணோ, யுபிஐ பின்னோ தேவைப்படும் சூழலே கிடையாது. அங்கே வரும் ஓடிபி குறுஞ்செய்தியையும் முழுதாகப் படித்துவிட்டுக் கொடுங்கள். வைஃபைக்கு என்று எழுதியிருக்க வேண்டும், வங்கியின் பெயரோ தொகையோ இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும். உலாவி ‘இந்தத் தளத்தின் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல’ என்று எச்சரித்தால், அவசரத்தில் ‘தொடர்க’ என்று அழுத்திவிடாதீர்கள். மேலே சொன்ன பூட்டு முழுவதும் அந்த ஓர் அழுத்தலில் பயனற்றுப் போகும். உங்கள் நண்பர் இதைச் சொல்லி அச்சுறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மடிக்கணினி கொண்டுபோவதாக இருந்தால், விண்டோஸ் புதிய வைஃபையைப் ‘பப்ளிக்’ என்று வைத்துக்கொள்ளவா, ‘பிரைவேட்’ என்று வைத்துக்கொள்ளவா என்பதில் முன்னதையே தேர்ந்தெடுங்கள். அப்போது பக்கத்து அறைக் கணினிகளின் கண்ணில் உங்கள் கணினி படாது.

கேள்வி: தங்கிய வீட்டின் டிவியும் என் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருந்தும், கைப்பேசியில் ஓடும் படத்தை டிவிக்கு அனுப்ப முடியவில்லையே, ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தி வைப்பது வழக்கம். அது நல்ல ஏற்பாடு. அதை எடுத்துவிடும்படி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று பெட்டியில் இருந்தால் மடிக்கணினியை நேராக டிவியில் செருகிவிடலாம். டிவியிலேயே உங்கள் ஓடிடி கணக்கைத் திறந்து பார்த்தீர்களானால், அறையைக் காலி செய்யும்போது மறவாமல் வெளியேறுங்கள். மறந்துவிட்டாலும், பெரிய ஓடிடி சேவைகளில் கணக்குப் பக்கத்துக்குச் சென்று பிற கருவிகளிலிருந்து வெளியேற்றும் வசதி இருக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு காட்டேஜ்களை வாடகைக்கு விடுகிறோம். ஃபைபர் இணைப்பு ஒன்றுதான். வீட்டுக்கும் விருந்தினருக்கும் ஒரே கடவுச்சொல். பின்பக்கக் காட்டேஜில் இணையம் வரவில்லை என்ற புகார் ஓயவில்லை. வேகமான திட்டத்துக்கு மாறினால் தீருமா? வேறு எதையும் கவனிக்க வேண்டுமா?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: திட்டத்தை மாற்றுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். இரட்டை அலைவரிசை ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டில் ஒளிபரப்புகின்றன. பின்னது வேகமானது; ஆனால் மலைப்பகுதிக் கட்டடங்களின் தடித்த கருங்கல் சுவர்களைத் தாண்டும்போது பெரிதும் மங்கிவிடும். முன்னது சற்றுத் தூரம் போகும், வேகம் குறைவு. திட்டத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும், அந்த வேகம் ரூட்டர் இருக்கும் அறையில் நின்றுவிடும். சிக்னலைப் பெற்று மறுபடி ஒளிபரப்பும் ரிப்பீட்டரைப் பலர் வாங்குகிறார்கள்; விலை குறைந்த வகைகள் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். செலவானாலும், வீட்டிலிருந்து பின்பக்கக் காட்டேஜுக்கு ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை கருவியை வைத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இடி மின்னல் அதிகமுள்ள உங்கள் ஊரில், வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுப்பதைவிட ஃபைபராகவே இழுத்துத் தருவார்களா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுப்பாருங்கள்.

கூட்டம் நிறைந்த வாரங்களில் மட்டும் சிலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை என்றால், காரணம் வேறாக இருக்கலாம். ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாகத் தருகிறது. பல ரூட்டர்களில் அது 24 மணி நேரம். காலையில் காலி செய்துவிட்டுப் போனவரின் கைப்பேசிகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் உரிய முகவரிகள் மாலை வரை பிடித்துவைக்கப்பட்டிருக்கும். ரூட்டரின் அமைப்புகளில் இந்தக் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் நெருக்கடி தணியும்.

ஒரே கடவுச்சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே மாற்ற வேண்டும். இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி உண்டு. அதை இயக்கி விருந்தினருக்குத் தனிப்பெயர், தனிக் கடவுச்சொல் கொடுத்தால், உங்கள் வீட்டுக் கணினியும் கண்காணிப்புக் கேமராவும் அவர்களுக்கு எட்டாது. விருந்தினர் மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றி, க்யூஆர் கோடாக அச்சிட்டு மேசையில் வைத்துவிடலாம். நீளமான கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் தொல்லையும் அவர்களுக்கு இராது. ரூட்டரின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தால், ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் எந்த விருந்தினரும் உங்கள் அமைப்புகள் அனைத்தையும் மாற்ற முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் இணைப்பிலிருந்து போனதாகத் தடம் காட்டியது. அவருடைய வைஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தது பின்னர் தெரியவந்தது. காவல்துறை முதலில் வந்து நிற்கும் வாசல் இணைப்புக்கு உரியவருடையது. இதன் தொடர்ச்சியாகத் தொலைத்தொடர்புத் துறை 2009-ல் வைஃபை பாதுகாப்புக்கான அறிவுறுத்தல்களை வெளியிட்டது. விடுதிகள் மொபைல் எண் கேட்டு ஓடிபி அனுப்புவதன் பின்னணி இதுதான். இரண்டு காட்டேஜுக்கு அத்தகைய நுழைவுப் பக்கம் அமைப்பது உங்களுக்குச் சுமையாக இருக்கலாம். தங்குவோரின் அடையாள அட்டை விவரங்களைப் பதிவேட்டில் எழுதும்போது, அந்த நாட்களில் கொடுத்த வைஃபை கடவுச்சொல்லையும் அதே வரியில் குறித்துவைத்தால், எந்தத் தேதியில் யாரிடம் எது இருந்தது என்று கேட்போருக்கு எடுத்துக்காட்ட ஓர் ஆதாரமாவது இருக்கும். உங்கள் இணைய நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் வீட்டு இணைப்புக்கா, வணிக இணைப்புக்கா என்பதையும் எடுத்துப் பாருங்கள். வீட்டுத் திட்டங்களில் கட்டணம் பெற்றுத் தங்கவைப்போருக்கு இணைப்பைப் பகிர்வதற்குத் தடை எழுதப்பட்டிருக்கக்கூடும்.